ஒரே ட்ரம் செட், சனி பைலா, ஞாயிறு பூசை: எந்த ஸ்கின் போடுவது?

யூன் 3, கேள்வி

"திருகோணமலையில் இருந்து எழுதுகிறேன். என்னிடம் பழைய பேர்ல் எக்ஸ்போர்ட் ட்ரம் செட் ஒன்று இருக்கிறது. காலால் அடிக்கிற கிக் 22 அங்குலம், டொம் 12, 13, 16, அடியில் வயர் உள்ள ஸ்னேர் 14. சனி இரவு கலியாண வீட்டில் பைலா ஆட்டப்பாட்டு. ஞாயிறு காலை பூசையில் கொயருக்கு வாசிக்க வேண்டும். இடையில் உப்புவெளிப் பக்கம் ஒரு ஹோட்டலில் ரெகே, ஜாஸ் என்று கேட்கிறார்கள். திருவிழாக் காலத்தில் சினிமாப் பாட்டு. எல்லாவற்றுக்கும் ஒரே சத்தம்தான் வருகிறது, மாஸ்டர் ஏசுகிறார். இன்னொரு செட் வாங்கக் காசில்லை. எந்த ஸ்கின் (ட்ரம் தோல்) போட்டால் நாலுக்கும் சரிவரும்?"

யூன் 3, இரவு 11:20

தம்பி, கடைக்குப் போக முதல், போல்ட்டைத் திருப்புகிற ட்ரம் சாவி எங்கே கிடக்கிறது என்று பார். பாதிப் பெடியன்களின் சாவி செட் வாங்கின கிழமையே தொலைந்திருக்கும்.

உன்னுடைய அளவு ரொக்குக்கு உரியது. ஜாஸ்காரர் 18 அங்குலக் கிக் வைத்திருப்பார்கள். 22ஐ 18 ஆக்க ஏலாது. இப்போதைக்கு இதைச் செய்: ஸ்னேரை முறுக்கு, கிக்குக்குள் தலையணை வை, டொம் ஓரத்தில் ஜெல் துண்டு ஒட்டு. பூசைக்கு இன்னும் கொஞ்சம் துணி போடு. ஹோட்டலுக்கும் அதே. நான் இருபது வருஷமாக அப்படித்தான்.

யூன் 4, காலை 6:15

நித்திரை வரவில்லை. மேலே எழுதினதை அழிக்காமல் விடுகிறேன், ஆனால் கேட்டு நடக்காதே. "துணி போடு" என்று நான் சொன்னது ட்யூன் பண்ணத் தெரியாத காலத்தில் பழகின வழி. சத்தம் கெட்டிருந்தால் மூடிவிடுவது. வீட்டில் விருந்தாளி வந்தால் அழுக்கு உடுப்பைக் கட்டிலுக்குக் கீழே தள்ளுவோமே, அது மாதிரி.

என் கிக்குக்குள் தலையணை கூட இல்லை. அம்மாவின் பழைய கைத்தறிச் சேலை ஒன்று கிடக்கிறது. அம்மா அதைத் தேடுவதை நிறுத்தவில்லை.

யூன் 4, மாலை

சாவி கிடைத்துவிட்டதாம். இனிக் கேள்.

மேல் ஸ்கின்னையும் கீழ் ஸ்கின்னையும் கழற்று. விளிம்பைத் துணியால் துடை. மரத்தின் அந்த விளிம்பில்தான் ஸ்கின் குந்தியிருக்கிறது. அங்கே ஒரு மணல் துகள் இருந்தாலும் நாள் முழுக்க முறுக்கலாம், சேராது. டச்சுக்குடாக் கடற்கரை மணலை ஒருதடவை 13 டொம்முக்குள் இருந்து ஒரு கை அளவு அள்ளினேன்.

ஸ்கின்னைப் போட்டு எல்லாப் போல்ட்டையும் விரலால் இறுகும் வரை திருப்பு. பிறகு சாவியால், எதிரெதிராக, ஒவ்வொன்றுக்கும் அரைச் சுற்று. வட்டமாகப் போகாதே, ஒரு பக்கம் இழுத்துக்கொள்ளும். நடுவில் ஒரு விரலை மெல்ல வைத்துக்கொண்டு, ஒவ்வொரு போல்ட்டுக்கும் ஓர் அங்குலம் உள்ளே குச்சி நுனியால் தட்டிக் கேள். எல்லா இடமும் ஒரே சுருதி சொல்ல வேண்டும். ஒன்று கூடிப் போனால் நேரே இறக்காதே. நல்லாத் தளர்த்திவிட்டுத் திரும்ப மேலே ஏறி வா. இறக்கி நிறுத்தினது நாலு பாட்டில் இன்னும் இறங்கும்.

கீழ் ஸ்கின்னை யாரும் தொடுவதில்லை. மேலும் கீழும் ஒரே சுருதியென்றால் டொம் நீளமாகப் பாடும். ஒன்றை மற்றதில் இருந்து விலக்க விலக்கச் சத்தம் குறுகும். நான் ஜெல் ஒட்டி வாங்கின குறுக்கத்தை நீ சாவியாலேயே வாங்கலாம். இது எனக்கு விளங்க எத்தனை வருஷம் போனது என்று சொன்னால் சிரிப்பாய்.

யூன் 5

ஸ்கின் பற்றிக் கேட்டாய், பதில் சொல்லாமலே விட்டேன்.

ஒற்றைப் படலம், 10 மில். மில் என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒன்று. மெல்லத் தட்டினாலும் பேசும், ஒலி திறந்து வரும், பலமாக அடித்தால் சீக்கிரம் குழி விழும். இரட்டைப் படலம், 7ம் 7ம். தடிப்பு, அடிக்குத் தாங்கும், மெல்லிய வாசிப்புக்கு வாய் திறக்காது. பின்ஸ்ட்ரைப் என்று வருவது இரட்டைப் படலத்தின் ஓரத்தைப் பசையால் ஒட்டினது. ஓரத்தில் வரும் கீச்சொலிகளை அதுவே விழுங்கிவிடும். ஸ்னேரின் அடி ஸ்கின் வெறும் 3 மில். அதில் விரலை ஊன்றிப் பார்க்காதே.

உன் நாலு வேலைக்கும் நான் வாங்குவதென்றால்: ஸ்னேருக்குப் பூச்சுப் போட்ட ஒற்றைப் படலம், டொம்முக்குப் பூச்சுப் போட்ட இரட்டைப் படலம். பூச்சு ஏன் என்றால் பிரஷ், குச்சிக்குப் பதில் இழுத்து வாசிக்கிற கம்பிக் கட்டு. வழுவழுப்பான ஸ்கின்னில் பிரஷ்ஷை இழுத்தால் சத்தமே வராது.

பிளாஸ்டிக் ஸ்கின் வந்த கதை: அமெரிக்காவில் ரெமோ பெல்லி 1957இல் மைலார் ஸ்கின்னை விற்கத் தொடங்கினார், பெயர் வெதர் கிங். அதற்கு முதல் கன்றுத் தோல். ஈரம் பட்டால் தொய்யும், வெயிலில் இறுகும். அந்தக் காலத்துக்காரர் கிக்குக்குள் மின்குமிழ் எரியவிட்டுத் தோலைக் காயவைத்தார்கள். பறையைத் தீயில் காட்டி எடுக்கிற அதே வேலைதான்.

பிரித்தானியக் கடற்படை நம்முடைய துறைமுகத்தை விட்டுப் போனதும் அதே 1957. அவர்களின் பாண்ட் ட்ரம் தோல் இந்த ஊர் வாடைக்காற்றில் என்ன பாடு பட்டிருக்கும் என்று துறைமுக வீதியால் போகும்போது யோசிப்பேன். மிஸ்டர் பெல்லி ஒரு வருஷம் முந்தியிருந்தால் பாண்ட்காரருக்காவது நிம்மதி.

யூன் 9

பைலா.

இது வேறு ஊர்ச் சாமான் என்று நினைக்காதே. திருகோணமலையிலும் மட்டக்களப்பிலும் போர்த்துக்கேயப் பறங்கியர் வீடுகளில் கிரியோல் பேச்சும் கஃபிரிஞ்ஞா ஆட்டமும் இருந்தது, இன்னும் மிச்சம் இருக்கிறது. பைலாவின் தந்தை என்று எல்லாரும் சொல்கிற வொலி பஸ்தியன்ஸ் அந்தத் தாளத்தில்தான் சிங்களப் பாட்டைக் கட்டினார். ஆறு எண்ணி ஆடுகிற தாளம். அதில் ஓர் ஊசல் இருக்கிறது. மூன்று மூன்றாகவும் கேட்கும், இரண்டு இரண்டாகவும் கேட்கும்.

இந்தத் தாளத்தில் அடிகள் நெருக்கம். டொம் நீளமாகப் பாடினால் முதல் அடியின் வால் அடுத்த அடியை மிதிக்கும். அதனால் எல்லாம் குறுகலாக வேண்டும். ஸ்னேர் உயரம், வயர் கொஞ்சம் இறுக்கம். 12ஐத் திம்பாலே (உயர்ந்த சத்தம் தரும் லத்தீன் ட்ரம்) மாதிரி முறுக்கு. கிக்கில் "டும்" வேண்டாம், "டுக்" போதும். கையால் தட்டுகிற கொங்கோ வைத்திருக்கிறவர் பக்கத்தில் இருந்தால் 16ஐ மறந்துவிடு, அந்த இடம் அவருடையது.

இங்கே சேலை இருக்கலாம்.

யூன் 10

"கலியாண வீட்டில் யார் சுருதி கேட்கிறார்கள், எல்லாரும் வெறியில்" என்று ஒருவர் கீழே எழுதியிருக்கிறார். சரிதான். ஆனால் வெறியில் இருக்கிற மாமாதான் தாளம் நழுவினால் முதலில் கையைக் காட்டுவார்.

யூன் 21, நீளமாக எழுதுகிறேன், நேரம் இருந்தால் வாசி

இரண்டு வருஷத்துக்கு முதல் ஒரு திருவிழா. ஊர் சொல்லவில்லை. திறந்த மைதானம், பெரிய மேடை, சினிமாப் பாட்டு. நான் மண்டபத்தில் ட்யூன் பண்ணி, ஜெல் ஒட்டி, சேலை வைத்து, என் காதுக்கு றெக்கோர்டிங் மாதிரி இருந்த செட்டைக் கொண்டுபோனேன். சவுண்ட்காரரிடம் ட்ரம்ஸுக்கு இரண்டே மைக். ஒன்று கிக்குக்கு, ஒன்று தலைக்கு மேலே.

மூன்றாவது பாட்டில் தம்பி ஒருவன் மேடைக்குப் பின்னால் வந்து, "அண்ணா, நீங்கள் வாசிக்கிறீங்களோ?" என்று கேட்டான். பகிடி பண்ணவில்லை. உண்மையாகவே கேட்டான்.

மண்டபத்தில் சுவர் இருக்கிறது, கூரை இருக்கிறது. நான் துணி போட்டு வெட்டின வாலைக் கட்டடம் திருப்பித் தந்துகொண்டிருந்தது. வெட்டவெளியில் போன சத்தம் போனதுதான், திருப்பித் தர ஒருவரும் இல்லை. மைக் இல்லாத டொம் தன் சொந்தக் குரலில் பத்து யார் தூரமாவது போக வேண்டும். அந்தக் குரலைத்தான் நான் ஜெல் போட்டு அடைத்திருந்தேன். இடைவேளையில் எல்லாவற்றையும் உரித்தேன். கிட்ட இருந்து கேட்கத் தகரம் மாதிரி, கீச்சுக் கீச்சென்று, வெட்கமாக இருந்தது. அதே தம்பி வந்து பெருவிரலைக் காட்டிவிட்டுப் போனான்.

அன்றைக்கு இன்னொன்றும் நடந்தது. எதிரே ஒரு பெரிய சுவர். ஸ்னேர் அடித்தால் சுவரில் பட்டுத் திரும்பி வந்தது. ஒரு பாட்டில் மட்டும் சனம் என் அடிக்குக் கைதட்டாமல் அந்த எதிரொலிக்குத் தட்டத் தொடங்கியது. அடுத்த நாள் போய்க் கால் வைத்து அளந்தேன். சுவர் ஏறக்குறைய 50 மீற்றர். போய் வர 100. இரவுச் சூடு 28 பாகையில் சத்தம் நொடிக்கு 348 மீற்றர் போகும், ஆக 0.29 நொடி. பாட்டின் வேகம் 104; ஓர் அடிக்கு 0.58 நொடி, பாதி 0.29. எதிரொலி கச்சிதமாக அடிக்கு நடுவில் வந்து விழுந்திருக்கிறது! சனத்தில் பிழையே இல்லை, சுவர் என்னை விட வடிவாகத் தாளம் போட்டது.

அதனால் கேள்விக்கு என் பதில் மாறிவிட்டது. பாட்டைக் கேட்க முதல் இடத்தைக் கேள். பைலா என்றாலும் திறந்த வளவில் வேறு, மண்டபத்தில் வேறு.

யூன் 22

முதல் நாள் "சத்தம் குறை" என்றேன், நேற்று "உரி" என்றேன். இரண்டையும் ஒரே ஆள்தான் எழுதினது. செட்டை வைத்துவிட்டு வேறொருவரை வாசிக்கச் சொல்லி, நீ இறங்கி இருபது அடி நடந்து போய் நின்று கேள். கதிரையில் இருந்து கேட்கிற சத்தம் உனக்கு மட்டும்.

யூலை 2

ஹோட்டல் வேலை. ரெகே சுகம். நாலு எண்ணிக்கையில் முதல் அடியை விட்டுவிடு. மூன்றாவதில் கிக்கும் ரிம் தட்டும் சேர்ந்து விழும், அவ்வளவுதான் அந்த "வன் ட்ரொப்". பொப் மார்லியின் வெய்லர்ஸ் குழுவில் வாசித்த கார்ல்டன் பரட்டின் ஸ்னேரைக் கேட்டுப் பார், திம்பாலே போல உயரம். பைலாவுக்கு முறுக்கின 12ம் ஸ்னேரும் அப்படியே இதற்கும் வரும். கிக்கை மட்டும் கீழே இறக்கு, உருண்டையாக வர வேண்டும்.

ஜாஸ் என்றால் தலைகீழ். கிக் ஸ்கின் இரண்டையும் உயர்த்து. சேலை வெளியே. முன் ஸ்கின்னில் ஓட்டை இருந்தால் ஓட்டை இல்லாத ஒன்று தேடு. கிக் ஒரு பெரிய டொம் மாதிரி "பூம்" என்று பேசட்டும், ஆனால் கால் மெல்ல. 1940களில் கென்னி கிளார்க் முதலானவர்கள் தாள ஓட்டத்தைக் கிக்கில் இருந்து எடுத்து ரைட் என்கிற பெரிய சிம்பலில் வைத்தார்கள். அதற்குப் பிறகு கிக் இடைக்கிடை ஒரு சொல் சொல்கிற ஆள். 22இல் 18இன் சத்தம் வராது என்று முதல் நாள் சொன்னேன். வராதுதான். ஆனால் சாப்பாட்டு மேசையில் இருக்கிற வெள்ளைக்காரருக்கு அந்த நாலு அங்குலம் தெரியாது.

ரைட்டில் மரநுனிக் குச்சி. நைலோன் நுனி அந்தச் சின்ன இடத்தில் காதைக் குத்தும். குச்சி மெல்லிய 7ஏ. உன்னுடைய தடித்த 5பீயைப் பைக்குள் வை. குச்சி மாற்றுவது ஸ்கின் மாற்றுவதில் பாதி வேலை, செலவு பத்தில் ஒன்று கூட வராது.

யூலை 3

சிறு மரக்கம்புகளைக் கட்டின ரொட் குச்சி இங்கே கிடைப்பதில்லை என்று எழுதியிருக்கிறாய். நான் ஒருகாலம் விளக்குமாற்று ஈர்க்கில் பத்தொன்பது எடுத்து இன்சுலேற்றிங் டேப் சுற்றி வாசித்தேன். சத்தம் அருமை. இரண்டாவது பாட்டு முடிய ஸ்னேர் முழுக்கக் குப்பை. பார்பிகியூ மூங்கில் குச்சி ஒரு மாதம் தாங்கியது. கூர்ப் பக்கத்தை வெட்டிவிட்டுக் கட்டு.

யூலை 19

சினிமாப் பாட்டு பற்றி ஒருவர் சண்டைக்கு வந்திருக்கிறார்: "80களின் ஸ்னேர் சத்தம் எந்த ஸ்கின்னில் வரும்?" ஐயா, எதிலும் வராது. அது அறையின் எதிரொலியைப் பெரிதாக்கி, நடுவில் கத்தியால் வெட்டினது மாதிரி நிறுத்துவது. இங்கிலாந்தில், 1980இல் வெளிவந்த பீற்றர் கேப்ரியலின் றெக்கோர்டிங்கில் ஃபில் கொலின்ஸ் வாசிக்க, சவுண்ட்காரர் ஹியூ பட்ஜம் பிடித்தது. பிறகு உலகம் முழுக்க, நம்முடைய பாட்டுவரை வந்தது. மேடையில் மிக்ஸர்காரர் செய்ய வேண்டிய வேலை. அல்லது ஒக்டபேட் என்கிற மின் ட்ரம் பலகை. எங்கள் மேடைகளில் அது இல்லாமல் இசைக்குழு உண்டா?

ஆனால் தபேலா, டோலக், தவில் ஓடுகிற பாட்டில் செட்தான் ஒதுங்க வேண்டும். டோலக்கின் "கும்" வருகிற உயரத்திலேயே உன் 16ம் இருந்தால் இரண்டும் சேறு. ஒன்றில் 16ஐ இன்னும் இறக்கு, அல்லது தொடாமல் இரு.

ஓகஸ்ட் 11

அவசரம்: சிம்பலைப் புளி போட்டு விளக்க வேண்டாம். என் சின்னம்மா அன்பாகச் செய்த வேலை. குத்துவிளக்கோடு சேர்த்து என் 20 அங்குல ரைட்டையும் கிணற்றடியில் வைத்துத் தேய்த்துவிட்டா. தங்கம் மாதிரி மின்னியது. கம்பனியின் பெயர் போய்விட்டது, நான் பழகி வைத்திருந்த மங்கல் சத்தமும் போய்விட்டது. நல்ல சிம்பல் நூற்றுக்கு 80 செம்பு, 20 வெள்ளீயம். காற்றிலும் கைபட்டும் மேலே படிகிற கறுப்பு, கூச்சலைக் கொஞ்சம் அடக்கும். ஜாஸுக்கு அதுதான் வேண்டும். பைலாவுக்கு மினுங்கினது நல்லது என்று சின்னம்மாவுக்குச் சொல்லிச் சமாளித்தேன்.

ஓகஸ்ட் 30

கோயில் மேடைக்குப் பின்னால் தவில்காரர் ஒருவர் செட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "தம்பி, இதில எது வலந்தலை, எது தொப்பி?" (தவிலின் வலப் பக்கம் வலந்தலை, இடப் பக்கம் தொப்பி.) மேலும் கீழும் ஒரே ஸ்கின் என்றேன். "அப்ப ஒரு பக்கம் சும்மா கிடக்கோ?"

சும்மா கிடக்கவில்லை, எதிர்ச் சத்தம் தரும் என்று விளக்கினேன். தலையாட்டினார். அவருடைய தவிலும் இப்போது இரும்பு வளையமும் நட்டும்தான், வாரெல்லாம் போய்விட்டது. வெளிவீதிக்கு ஒரு கட்டு, மண்டபத்துக்குள் ஒரு கட்டு என்று இரண்டு விதம் முறுக்குவாராம். "உள்ளுக்க அதே கட்டில வாசிச்சா சாமிக்கே தலையிடிக்கும்." நான் மைதானத்தில் அவமானப்பட்டுப் படித்ததை அவர் சின்ன வயதிலேயே தகப்பனிடம் படித்திருக்கிறார்.

நவம்பர் 8

வாடை தொடங்கிவிட்டது. மைலார் ஈரம் குடிக்காது, ஆனால் இரும்பு குடிக்கும். கடற்கரைக் காற்று ஸ்னேர் வயரையும் போல்ட்டையும் துரு ஏற்றும். துருப்பிடித்த போல்ட் திரும்புகிற மாதிரித் திரும்பும், இறுகாது, காது ஏமாறும். போல்ட்டுக்குத் துளி வசலின். தேங்காயெண்ணெய் விடாதே, பிசுபிசுத்து மணலைப் பிடிக்கும்.

2009இல் கிண்ணியாப் பாலம் திறக்க முதல், செட்டைப் பாதைப் படகில் ஏற்றித்தான் அக்கரைக்குக் கொண்டுபோவோம். மாரி நாளில் ஒருதரம் கிக் முழுக்க நனைந்தது. சேலைதான் தண்ணீர் எல்லாவற்றையும் குடித்தது. அன்றைக்கு வாசித்ததை யாரும் ஞாபகம் வைத்திருக்காமல் இருக்கக் கடவது.

டிசம்பர் 14

கரோல் பயிற்சி. தம்பி தன்னுடைய செட்டோடு வந்தான். தேவாலயம் உயரக் கூரை, கல் நிலம், ஓர் அடி இரண்டு நொடிக்கு மேல் சுற்றிக்கொண்டு நிற்கிறது. இங்கேதான் குறைக்க வேண்டும். அதற்கும் துணி வேண்டியிருக்கவில்லை. மூங்கில் கட்டு, மெல்லிய கை, கிக்கை அடிக்க மெத்தென்ற ஃபெல்ட் பீட்டர், அடிகளில் பாதியை வாசிக்காமல் விட்டது. பெடியன் வாசிக்காமல் விட்டதுதான் அதிலே வடிவு.

அமைதியான செபத்தில் மட்டும் ஸ்னேர் தானாகவே "ஸ்ஸ்ஸ்" என்று இரைந்தது. எல்லாரும் அவனைத் திரும்பிப் பார்த்தார்கள். பாவம், கை இரண்டும் மடியில். ஓர்கன்காரர் பிடித்திருந்த கீழ்ச் சுருதிக்கு அடியிலுள்ள வயர் கூடவே அதிர்ந்திருக்கிறது. வயருக்கு இரண்டு பக்கமும் உள்ள போல்ட்டைக் கொஞ்சம் தளர்த்தினால் குறையும். அதை விடச் சுகமான வழி: பக்கத்தில் இருக்கிற நெம்பை இறக்கி வயரை விட்டுவிடு. திரும்ப ஏற்ற மறக்காதே. அவன் மறந்தான். அடுத்த பாட்டு முழுக்க ஸ்னேர் டொம் மாதிரிக் கேட்டது. ஃபாதர் நல்லா இருந்தது என்றார்.

டிசம்பர் 23

என் கிக்கைத் திறந்தேன், ஹோட்டலில் வருஷ முடிவுக்கு ஜாஸ் கேட்டிருக்கிறார்கள். சேலையை வெளியே எடுத்துத் தோய்க்கப் போட்டேன். அம்மா கொடியில் கண்டுவிட்டா. ஸ்கின்னோடு ஒட்டிக் கிடந்த மடிப்பு நெடுகத் தேய்ந்து, நூல் பிரிந்து போயிருந்தது. விரித்துப் பார்த்துவிட்டு, "இருபது வருஷமாப் பெட்டி பெட்டியாத் தேடினனான்" என்றா. மூன்று பாட்டு நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "காய்ஞ்ச உடனே எடுத்து வை. இனி இதை வேற என்னத்துக்கு."

தம்பிக்கு: ஸ்னேரின் அடி ஸ்கின் எப்போது மாற்றுவது என்று கேட்டிருந்தாய். எப்போது மாற்றினோம் என்று ஞாபகம் இல்லாவிட்டால், அப்போதே.